காத்த விடுங்க

தலைக்கவசம் அஞ்சு கிடக்கு, ஆளுக்கொண்ணு எடுத்துக்கிடுங்க.
முன்னால போட்டவங்க தலையெண்ணெய் வாசம்
கொஞ்சம் அடிக்கும்.
குடுத்த காசுல அதுவும் சேத்தி.

என் பேரு சுயம்புக்கனி.
நாலு சக்கரம் இருக்கேன்னு
இதைக் காருன்னு நினைச்சிராதீங்க.
ஆக்சிலேட்டர் காலுல இல்ல,
வலது கைக் கட்டைவிரல்ல.
போன்ல படம் தள்ளுத அதே விரலு.
பழக்கம் இருக்கும் உங்களுக்கு,
நிதானம்தான் இருக்காது.

மண்ணு ஏன் இப்படிச் செவந்து கிடக்குன்னு
எல்லாரும் கேக்காங்க.
இரும்புன்னு ஒரு சார் சொன்னாரு,
ரத்தம்னு ஒரு அம்மா சொன்னாங்க.
வெள்ளைச் சட்டையில ஒட்டினா
ரெண்டும் ஒண்ணுதான், போகாது.

பதினோரு மணிக்கு மேல காத்து எந்திரிக்கும்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வந்து
வழியில காத்தாடியெல்லாம் சுத்திவிட்டுட்டு
மிச்சக் கோவத்தை இந்தத் தேரியில கொட்டும்.
சிரிக்கணும்னா துண்டுக்குள்ள சிரிங்க.

மேட்டுல ஏறும்போது நடுவுல நிக்கக் கூடாது.
இறங்கும்போது பயம் வரும், எதையாவது பிடிக்கத் தோணும்.
கம்பியப் பிடிங்க, கடவுளப் பிடிங்க,
பிரேக்கை மட்டும் விட்டுருங்க.

குட்டையா ஒரு பனை வரும்.
குட்டை இல்ல, கழுத்து வரைக்கும் புதைஞ்ச மரம்.
மட்டை உங்க முகத்து உசரத்துக்கு நிக்கும்,
கருக்கு அறுத்துரும்.

காட்டிலாகா கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நம்ம ஓட்டம்.
அந்தப் பக்கம் மயிலு.

கடைசியா ஒண்ணு.
சக்கரம் புதைஞ்சா அமுக்காதீங்க.
அமுக்க அமுக்க அது தனக்கே குழி வெட்டிக்கிடும்.
இறங்கி, டயருல பாதிக் காத்த எறக்குங்க.
மெலிஞ்ச டயரு அகலமா உக்காரும்.

இவ்வளவும் சொல்லிட்டு
போன ஆடியில புதைஞ்சது நான்தான்.

ரெண்டாவது மேட்டுக்கு அங்கிட்டு
முந்தின நாளு இறுகிக் கிடந்த தரை.
ராத்திரியோட ராத்திரியா காத்து
மேட்டை நாலடி நகட்டி வச்சிருக்கு,
என்கிட்டச் சொல்லல.
பின்னால அஞ்சு வண்டியும் வரிசையா நிக்கி.
திசையன்விளை நகைக்கடை வீட்டுப் பையன்க ரெண்டுபேரு,
கோயமுத்தூர்ப் புதுப்பொண்ணு, மாப்பிள்ளை,
கடைசியில டெய்சி.

அமுக்குனேன்.
சக்கரம் வாரி எறிஞ்ச மண்ணு
மாப்பிள்ளை மூஞ்சியில குங்குமமா அப்புச்சு.
திரும்பவும் அமுக்குனேன்.
அச்சு வரைக்கும் போயிட்டு.

டெய்சிதான் இறங்கி வந்தா.
காலையில இருந்து வாயத் தொறக்காத பிள்ளை.
வள்ளியூர்ல எக்ஸ்ரே எடுக்காளாம்.
மூச்சைப் பிடிங்க, மூச்சை விடுங்கன்னு
நாளெல்லாம் ஆளுகளுக்குச் சொல்லுத வேலை.
அந்தக் குரல்லயே
"அக்கா, காத்த விடுங்க"ன்னா.

டயரைச் சொன்னாளா என்னயச் சொன்னாளா, கேட்டுக்கிடல.
இன்ஜினை அணைச்சேன்.
அவங்களும் ஒவ்வொண்ணா அணைச்சாங்க.

முறத்துல ரவையைச் சாய்க்கிற மாதிரி
மண்ணு மேல மண்ணு ஓடுத சத்தம்.
பக்கத்துல என் டயரு உஸ்ஸுன்னு மெலியுது.
தூரத்துல இன்னொண்ணு.
உவரிக் கடலுன்னா அவ.
காத்துதான்னேன் நான்.
ரெண்டு பேருக்கும் நிச்சயம் இல்ல.
ஆறு வருசமா இந்த வழி வாரேன்,
ஒரு நாளும் அணைச்சுப் பாத்ததில்ல.

காசு குடுத்து வந்தவங்கதான் தள்ளி எடுத்தாங்க.
நகைக்கடைப் பையன் அதை வீடியோ பிடிச்சுப் போட்டான்.
என் மச்சினி துபாயில இருந்து கூப்பிட்டுச் சிரிச்சா.
அதுக்கப்புறம்தான் ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடிருக்கு.

சரி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?
காத்து அளக்குத மீட்டரு இந்தப் பச்சைப் பையில,
எங்க இருக்குன்னு நல்லாப் பாத்துக்கிடுங்க.
நடுவுல ஒரு இடத்துல
எல்லாரையும் அணைக்கச் சொல்லுவேன்.
வண்டி ரிப்பேருன்னு பயந்துராதீங்க.
ரெண்டு நிமிசம்.
உங்க ஒரு மணி நேரத்துல
அதைக் கழிக்க மாட்டேன்.